குண்டனின் சுற்றளவு

இது நடந்தது. நானே கட்டிவிட்ட கதையாக இருந்தால் என்னை இன்னும் கொஞ்சம் புத்திசாலியாகக் காட்டியிருப்பேன்.

அப்போது எனக்குக் கல்லூரியில் கடைசி வருடம். தாவரவியல். ஊரைச் சுற்றியுள்ள ஐந்து பெரிய மரங்களைப் பருவத்துக்கு ஒரு முறை சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும், படமெடுக்க வேண்டும், அடிமரத்தின் சுற்றளவை அளக்க வேண்டும். இதில் தேறாவிட்டால் இன்னொரு வருடம் அதே வகுப்பு. "சைக்கிள் ஓட்டி ஃபெயிலான ஒரே ஆளு என் புள்ளையாத்தான் இருப்பான்" என்று அப்பா இப்போதே சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

மரங்கள் அழகு. அதை மறுக்கமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஏரிக்கரையில் தண்ணீரை எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்து நிற்கும் கோணல். இடி விழுந்து பாதி கருகியும், மீதிப் பாதியில் கூச்சமே இல்லாமல் பூத்துத் தள்ளும் மொட்டை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது குண்டன். பழைய அத்தி மரம். மண்பாதை முடிகிற இடத்தில் தனியாக நிற்கும். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது.

என் கூட்டாளிக்குப் பட்டப்பெயர் தூங்குமூஞ்சி. அந்தப் பெயரில் ஒரு மரமும் உண்டு. அது இவனைவிடச் சுறுசுறுப்பு. அவன் வேலை, அளவு நாடாவின் நுனியை நெஞ்சு உயரத்தில் மரத்தோடு அழுத்திப் பிடிப்பது. என் வேலை, மீதி நாடாவோடு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி அவனிடமே வந்து சேர்வது. இதில் தப்புச் செய்யத் தனித் திறமை வேண்டும்.

கோடையில் நாலு மரமும் சரியாக வந்தன. குண்டன் மட்டும், பேராசிரியர் போன வருடம் எடுத்த அளவைவிட ஒரு சாண் அதிகம்.

"ஒரே வருஷத்துல ஒரு சாணா? சத்துமாவு ஏதாவது கரைச்சு ஊத்துறீங்களாப்பா?"

"சார், நல்லா இழுத்துப் பிடிச்சுத்தான்..."

"மறுபடி போ."

மறுபடி போனோம். மறுபடியும் அதே ஒரு சாண்.

மழைக்காலத்தில் போனபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. குண்டன் உச்சி முதல் அடி வரை நனைந்து கறுத்திருந்தான். அந்தப் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் காய்ந்திருந்தது. ஆள் உயரம். ஆள் அகலம். மேலே கிளை மறைத்திருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன். நேர் மேலே வானம்தான் இருந்தது.

அளந்தோம். ஒரு சாண் அதிகம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"நாடா எங்கியோ தூக்கிக்கிட்டு நிக்குது. நான் ரெண்டு நுனியும் பிடிச்சுக்கிறேன். நீ சுத்திப் போய்ப் பாருடா."

போனான். என் கையில் நாடா லேசாகத் தளர்ந்தது.

"ஒட்டித்தான்டா இருக்கு!" என்று மறுபக்கத்திலிருந்து கத்தினான்.

இழுத்துப் பார்த்தேன். அளவு சரியாக வந்தது! "வாடா, வந்து பாரு!" என்றேன். அவன் வளைவு தாண்டி வந்தான். என் விரல்களுக்கிடையே நாடா மெதுவாக நழுவியது. சர்ர்ர்... ஒரு சாண்.

"நீதான்டா விட்டே" என்றேன்.

"நான் தொடவே இல்லடா. விட்டது நீ."

அந்தப் பருவம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இலையுதிர் காலம். குண்டனைச் சுற்றிக் கணுக்கால் அளவுக்கு மஞ்சள் இலைகள். அந்தப் பக்கம் அடிமரத்தை ஒட்டி இரண்டு இடங்களில் மட்டும் வெறும் மண். இரண்டு பாதங்கள் அளவுக்கு. விரல்கள் வெளிப்பக்கமாக. மேலிருந்து இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன... அங்கே மட்டும் ஒன்றும் விழவில்லை.

தூங்குமூஞ்சி முதன்முறையாக வேகமாக ஒரு காரியம் செய்தான். சைக்கிளில் ஏறினான்.

"எனக்குக் காய்ச்சல்டா."

"எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான்."

பனிக்காலத்தில் பேராசிரியர் கடைசிக் கெடு வைத்தார். "திங்கட்கிழமைக்குள்ள சரியான அளவு வரணும். இல்லேன்னா அடுத்த வருஷம் சந்திப்போம்."

ஞாயிறு காலை 6.20. தனியாகப் போனேன். மூடுபனியில் என் சைக்கிள் மணியே எனக்குத் தூரத்தில் கேட்டது. நாடாவின் நுனியைத் துணி கிளிப்பால் பட்டையில் கவ்வவிட்டேன். சுற்றி வந்தேன்.

ஒரு சாண் அதிகம்.

பயம் வர வேண்டிய இடம். எனக்கு வந்தது ஆத்திரம். ஒரு வருடம், எத்தனை டயர் பஞ்சர், எத்தனை திட்டு... எல்லாம் ஒரு சாணுக்காக!

பார்த்தால் சரியாகிவிடுகிறது. சரி, பார்க்காமல் போகிறேன் என்று முடிவு செய்தேன். இறுக்கிய நாடாவை அதே கிளிப்பில் சேர்த்து மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். நாடாமேல் விரல்களை ஓட்டியபடி மரத்தைச் சுற்றி நடந்தேன்.

பட்டை... பட்டை... பட்டை...

நாடா மரத்தைவிட்டு விலகியது.

உள்ளே விரலை விட்டேன்.

துணி.

ஈரத் துணி. அது மெல்ல மேலெழும்பியது... தாழ்ந்தது... மேலெழும்பியது.

ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணைத் திறக்காமலே சொன்னேன்:

"கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா... எனக்கு மார்க் போகுது."

நகர்ந்தது.

நாடா தொய்ந்து என் காலடியில் விழுந்தது.

கண்ணைத் திறந்தேன். யாரும் இல்லை. மீண்டும் அளந்தேன்.

சரியான அளவு.

"இப்பவாவது அளக்கக் கத்துக்கிட்டியே" என்று பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். தேறிவிட்டேன். இனி வாய்மொழித் தேர்வு மட்டும்தான் பாக்கி. அதற்கு வெள்ளைச் சட்டை கட்டாயம். தையல்காரரிடம் அளவு கொடுத்தேன். நெஞ்சளவை மட்டும் இரண்டு முறை எடுத்தார். நான் கவனித்தேன்.

சட்டை வந்தது. என் பழைய சட்டையை அதன்மேல் விரித்துப் பார்த்தேன். முழங்கணக்கில் பெரியது.

"அண்ணே, இதுக்குள்ள நான் குடும்பத்தோட போகலாம்ணே! நாளைக்குப் பரீட்சை!"

அவர் நிமிரக்கூட இல்லை. "கத்தாதீங்க தம்பி. எனக்கும் சந்தேகந்தான். அதான் ரெண்டு தடவ எடுத்தேன். போட்டுப் பாருங்க."

போட்டேன். பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினேன்.

எங்கும் தொளதொளப்பு இல்லை.

கச்சிதமாக இருந்தது.