கவுன்சிலர் கார்டும் பின்கதவும்

நாலாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுக்கிறவர்களுக்குத் தெரியும், பலகையில் 'உள்ளாட்சி' என்று எழுதித் திரும்புவதற்குள் கடைசி பெஞ்ச் தூங்கிவிடும். அந்தக் கொடுமை தாங்காமல்தான் பெருங்களத்தூரில் எங்கள் பள்ளியில் எஸ்கேப் ரூம் ஆரம்பித்தேன். ஓ.எம்.ஆர். பக்கம் ஜனங்கள் காசு கொடுத்து ஓர் அறைக்குள் அடைபட்டு, புதிரை அவிழ்த்து வெளியே வருகிறார்களே, அதேதான். எங்கள் தாளாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஒருநாள் நானே வந்து உக்காந்து பாப்பேன் டீச்சர். சரியா வரலேன்னா அந்தப் பீரியடு அபாகஸுக்கு."

தெருவிளக்குப் பூட்டு

முதல் புதிர் சுலபம். தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் சொல்வது? முதலமைச்சர், எம்.எல்.ஏ., கவுன்சிலர் என்று கார்டுகள் வரைந்து வைத்திருந்தேன். சரியான கார்டின் பின்னால் இருக்கும் எண்ணைப் போட்டால் பெட்டி திறக்கும். கவுன்சிலராக, ரொம்பப் பெருமையோடு, ஒரு பெண்ணை வரைந்திருந்தேன். யாழினி அந்தக் கார்டை எடுத்தாள், திருப்பிக்கூடப் பார்க்காமல் கீழே வைத்தாள், மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தாள். என்னடி தேடுகிறாய் என்றேன்.

"இது கவுன்சிலர் ஆன்ட்டி மிஸ். அவங்க வீட்டுக்காரர் கார்டு எங்க? எல்லாரும் அவரைத்தானே போய்ப் பாப்பாங்க?"

அதிகாரி கிஷோர்

மனுவைப் படித்துவிட்டு அடுத்த பெட்டியின் சாவியைக் கொடுக்கும் அதிகாரியாகக் கிஷோரை உட்காரவைத்தேன். பிள்ளைகள் மனுவோடு வரிசையில் நிற்கிறார்கள், நாற்காலியில் அவன் ஸ்கூல் பேக் மட்டும் இருக்கிறது. ஆள் ஜன்னலோரம் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் பதறவே இல்லை.

"சீட்ல பேக் இருக்கில்ல மிஸ்? அப்ப ஆபீசர் வந்துட்டார்னு அர்த்தம்."

தாளாளர் வந்த நாள்

தாளாளர் வந்து உட்கார்ந்ததும் வகுப்பை ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரித்தேன். வாசல் பூட்டின் எண்ணில் பாதி இவர்களிடம், பாதி அவர்களிடம். கலந்து பேசினால்தான் கதவு திறக்கும். முதலமைச்சர் யாழினி, ஜெயித்தது நாங்கள், நாங்கள் எதற்குக் கேட்க வேண்டும் என்றாள். எதிர்க்கட்சித் தலைவர் கிஷோர் மேஜையைத் தட்டினான். அப்புறம் அவன் கூட்டம் மொத்தமும் எழுந்து, பாதுகாப்புக்காக நான் பூட்டாமல் விட்டிருந்த பின்கதவு வழியாகப் போயே போய்விட்டது. எங்கேடா என்று அலறினேன். "வெளிநடப்பு மிஸ்!"

போச்சு, அபாகஸ்தான் என்று நின்றேன். சாப்பாட்டு மணி வேறு அடித்துவிட்டது. யாழினியின் கூட்டம் மட்டும் அசையவில்லை. பின்கதவுதான் திறந்திருக்கிறதே, நீங்களும் போகலாமே என்று தாளாளர் கேட்டார். "நாங்க ஆளுங்கட்சி சார். வெளிநடப்பு பண்ணக் கூடாது" என்றாள் யாழினி, பசியை அடக்கிக்கொண்டு.

தாளாளர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கிளம்பும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பீரியடு உங்களுக்குத்தான் டீச்சர். வர்ற எலெக்‌ஷன்ல எங்க வூட்டுக்காரம்மா கவுன்சிலருக்கு நிக்குது. அந்தப் பொண்ணு கேட்டுச்சாமே, வூட்டுக்காரர் கார்டு? அதுல என் போட்டோவை ஒட்டிடுங்க."

அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிய நான், அன்று சாயங்காலமே பசை வாங்கி ஒட்டிவிட்டேன்.