முகமூடிக்குள் ஒரு கேப்சூல் டப்பா

"இந்த நெஞ்சு ஊதினா லாரி டயரே உப்பும்" என்று கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கேப்சூல் அண்ணன் ஒருமுறை அறிவித்தார். யாரும் டயரை உருட்டிக்கொண்டு வராததால் அந்த அறிவிப்பு வெகுகாலம் அசைக்க முடியாமல் நின்றது.

பட்டப்பெயருக்குக் காரணம், புகையால் நுரையீரல் புண்ணாகாமல் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று டப்பாவில் அச்சிட்ட கேப்சூல். உள்ளே மடித்திருந்த தாளில், அதைத் தின்ற எலிகளுக்குப் புகையிலும் நுரையீரல் வீங்கவில்லை என்று போட்டிருந்தது. எலியே தாங்கும்போது நமக்கென்ன என்பது அண்ணனின் ஆராய்ச்சி முடிவு. எந்த எலியும் தினம் எட்டு மணி நேரம் ஸ்ப்ரே கன் பிடிக்கவில்லை என்பதைத் தாளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

தாளைப் படித்த அன்றே, பெயின்ட் அடிக்கும்போது மாட்டும் அவருடைய முகமூடி ஆணியில் மல்லாந்து தொங்கியது. அதற்குள் கேப்சூல் டப்பா குடியேறியது.

கூட வேலை பார்த்தவன் அவர் மனைவியின் தம்பி. ஒழுங்காக முகமூடி மாட்டுகிறவன்.

"என்ன மாப்ள, புதுப்பொண்ணு மாதிரி மூஞ்ச மூடிக்கிட்டு?"

"பெயின்ட் மூக்குல ஏறுது மாமா."

"ஏறட்டும். உள்ள கேப்சூல் நிக்குது, பாத்துக்கும்."

அக்கா புருஷன் சொல்லைத் தட்டுவதா? அவனும் தினம் ஒரு கேப்சூலை முழுங்கினான், அவன் முகமூடியும் ஆணிக்குப் போயிற்று. அதில் நட்டும் போல்ட்டும் போட்டுவைத்தார் அண்ணன்.

மூன்றாம் வருடம் அவனுக்கு வந்த இருமல் திரும்பிப் போகவில்லை. மாடிப்படியில் பாதியிலேயே மச்சினன் உட்கார ஆரம்பித்தான். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"வீக்கம் வத்தும், தழும்பு போகாது. இனிமே பெயின்ட் பக்கமே போகக் கூடாது."

அண்ணன் டப்பாவை நீட்டினார். "இத தினமும் குடுத்தேனே டாக்டர்."

"குடுத்தீங்க சரி. இது பெயின்ட்ட வடிகட்டுமா?"

மச்சினன் திட்டியிருந்தால் அண்ணன் சமாளித்திருப்பார். பதிலுக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது. அவனோ, "விடுங்க மாமா, நானும்தான முழுங்கினேன்" என்றான்.

மேசையில் மூச்சை அளக்கும் குழாய் இருந்தது. நல்ல நெஞ்சு ஊதினால் ஐந்நூறைத் தாண்டும் என்றார் டாக்டர். மச்சினன் ஊதினான், முள் முந்நூறைத் தொட்டது.

"நீங்க ஊதுங்க மாமா. டயரே உப்புமே."

டாக்டர் ஊதும் முனையை மாற்றிக் கொடுத்தார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி ஊதினார். இருநூற்றைம்பது. மறுபடி ஊதினார். முள் அதே இடத்தில் நின்றது. மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன் முகமூடிய நான் தொட்டிருக்கக் கூடாது மாப்ள" என்றார் அண்ணன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார்.