வயதைக் கூட்டிச் சொன்ன கணினிகள்

என் சித்தி, இரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருள் ஒன்றைப் பராமரிப்பவர். இரத்தக் குப்பிகளில் ஒட்டும் பெயர்ச்சீட்டை அச்சிடுவது அதன் தலையாய பணி. நிரலில் எந்த வரியையும் அது யாருக்காக எழுதப்பட்டது என்று அறியாமல் நீக்கமாட்டார். அலுவலகத்தில் அவருக்கு ‘விசாரணை’ என்றே பெயர்.

அச்சிடும் கட்டளைகள் உட்படப் பழைய கட்டளைகள் பலவற்றை அடுத்த பதிப்பில் கைவிடப்போவதாக, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தின் நிறுவனம் அறிவித்தது. மாற்றாவிட்டால் சீட்டு வராது. புதிய அச்சுக் கட்டளைகளோ பழைய இயங்குதளத்தில் ஓடாது. எதையும் நிறுத்திவைப்பதால் ‘பிரேக்’ எனப்பட்ட மேலாளர் மாற்ற மறுத்தார்.

“பாதிப் பேர் இன்னும் பழசுலதான் இருக்காங்க, நம்ம சாஃப்ட்வேரே அனுப்புற ரிப்போர்ட்டைப் பாரும்மா. கழட்டி விட்டா யாரு வாங்கிக் கட்டிக்கிறது?”

“நான் போன மாசம் போன லேப்ல புது கம்ப்யூட்டர் சார். அதையும் இதுல பழசுன்னு போட்டிருக்கே?”

“ஆரம்பிச்சிட்டியா விசாரணையை!”

சித்தி தேடினார். அந்த அறிக்கைக்காக இயங்குதளத்திடம் அதன் பதிப்பைக் கேட்கும் கட்டளையும் கைவிடப்பட்டவற்றுள் ஒன்று. பழைய மென்பொருள் மிரண்டுவிடக் கூடாதென்று, புதிய இயங்குதளம் அதற்குப் பழைய பதிப்பின் எண்ணையே பதிலாகத் தந்துகொண்டிருந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் சித்தப்பா சிரித்தார்: “உலகத்துலயே வயசைக் கூட்டிச் சொல்றது உன் கம்ப்யூட்டர் மட்டுந்தான்!”

அந்தக் கட்டளையை மட்டும் முதலில் மாற்றி வெளியிட்டார். புதிய அறிக்கையில், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கூடம் மட்டுமே உண்மையான பழசாக எஞ்சியது.

“ஒண்ணுதானே, விட்டுத் தள்ளு” என்றார் பிரேக்.

“அங்கயும் ஊசி குத்திக்கிறவங்க இருக்காங்க சார். சீட்டு வராம கையால எழுதி, பேரு மாறினா ரிசல்ட்டே மாறிடும்.”

மென்பொருளின் புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு சித்தி நேரிலேயே போனார். மருந்து நெடி வீசிய குறுகிய அறையில், மஞ்சளேறிய கணினிக்குப் பின்னால், பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது.

“புதுசு வாங்கி ரெண்டு வருஷமாச்சு மேடம்” என்றார் பரிசோதகர். “மாத்துனா ஸ்டிக்கர் மிஷின் ஓடாதுன்னு சொல்லிட்டாங்க.”

“யாரு?”

“வேற யாரு, உங்க ஆபீஸ்தான்!”

சித்தி தலையில் கைவைத்துக்கொண்டார். “அவங்களுக்காக நாங்க பழசை வெச்சிருந்தோம். எங்களுக்காக அவங்க பழசை வெச்சிருந்தாங்க.” இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், பழியை மட்டும் எவர்மீதும் போடமாட்டார். நான் அவரிடம் மிக வியப்பது அதைத்தான்.

பெட்டியைப் பிரித்து, புதிய பதிப்பை ஏற்றி, அச்சிட்டார். சீட்டு நேராக, தெளிவாக வந்தது. உடனே பிரேக்கை அழைத்தார்.

“சார், பழசுல இனிமே யாரும் இல்ல. பழைய வரிகளை எடுத்துடட்டுமா?”

மறுமுனையில் பிரேக் சொன்னார்: “எடுத்துடும்மா.”

“மேடம், கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?” என்றார் பரிசோதகர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார்.