நாற்பத்தெட்டும் நாற்பத்தொன்பதும்

என் வேகனில் பெயரும் நம்பரும் எழுதிய கூலியாக, பெயின்டர் ஜெத்ரோ குயில்டருக்கு நான் ஐம்பது ஷில்லிங் கடன்பட்டிருந்தேன். இன்று வென்ஸ்பி ஸ்டேஷனில் ‘அமோஸ் டிட்மார்ஷ்’ என்று என் பெயர் போட்ட ரயில் கரி வேகன்கள் இருபத்து மூன்று ஓடுகின்றன; மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் சம்பாதித்தவை. அன்று இருந்தது ஒன்றே ஒன்று.

ஒற்றை வேகன்காரன் எவனும் அதில் ஒன்று என்று எழுத மாட்டான். பெரிய நம்பர் போட்டால்தான் கரி வியாபாரத்தில் மரியாதை. நான் நாற்பத்தெட்டு போடச் சொன்னேன். அதோடு விட்டேனா? ஊரிலேயே பெரிய மூளை என்னுடையதாயிற்றே! மறுபக்கத்தில் நாற்பத்தொன்பது போடச் சொன்னேன்.

டார்பிஷயர் சுரங்கத்திலிருந்து வந்த பத்து டன் கரி அந்தக் கோடையில் விலைபோகவில்லை. சரக்கு இறங்காமல் நிற்கும் வேகனுக்கு ரயில்வே நாள் வாடகை ஒன்றரை ஷில்லிங். காலை குமாஸ்தா மேடைப் பக்கம் நின்று நம்பர் எடுத்தான். மாலை குமாஸ்தா சரக்கு முற்றத்துப் பக்கம் நின்று எடுத்தான்; அவன் கண்ணில் பட்டது நாற்பத்தொன்பது. இரண்டு வேகனுக்கும் தலா முப்பத்தாறு நாள் வாடகை பில் வந்தது. வாயைத் திறந்தால் மானம் போகும். கட்டிவிட்டேன். ஜெத்ரோவுக்கு எடுத்து வைத்திருந்ததும் அதில் போயிற்று.

“இல்லாத வண்டிக்கு வாடகை கட்டின மகராசன் நீங்க ஒருத்தர்தாங்க,” என்றாள் என் மனைவி ஹெப்சி. “அந்த நாப்பத்தொன்பதுல கொஞ்சம் கரி ஏத்தி என் அடுப்புக்கு அனுப்புங்களேன்.”

சனிக்கிழமை ஜெத்ரோ கறுப்பு பெயின்ட் டப்பாவோடு வந்து வேகன்மேல் ஏணியைச் சாய்த்தான்.

“என்னப்பா பண்றே?”

“உங்க பேரை அழிக்கப் போறேன், முதலாளி. நீங்க கூலி தரலே; வாடகை பாக்கின்னு வீட்டுக்காரன் என் சாமானைத் தெருவுல தூக்கிப் போடப் போறான்.”

“பொறு ஜெத்ரோ. நாப்பத்தொன்பது வேகன் வச்சிருக்கிற ஆளு நான்...”

“யாருகிட்ட? ரெண்டு பக்கமும் எழுதினவன் நானு!”

ஏறி, என் பெயரின் முதல் எழுத்தைக் கறுப்பாக்கினான். எனக்குச் சந்தேகமில்லாமல் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அது.

ஓடினேன். ஸ்டேஷன் மாஸ்டர் லக்கெட்டிடம், போட்டி வியாபாரிகள் இரண்டு பேர் காது கேட்க, “அய்யா, எங்கிட்ட இருக்கிறது ஒத்த வண்டிதான்,” என்றேன்.

அவர் வந்து இந்தப் பக்கம் பார்த்தார்; சுற்றிப் போய் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“வண்டிக்கு ரெண்டே பக்கம்னு ரொம்ப வருத்தப்பட்டிருப்பியே, டிட்மார்ஷ்!”

சிரித்து ஓய்ந்தபின், நாற்பத்தொன்பதுக்கு வாங்கிய ஐம்பத்து நான்கு ஷில்லிங்கைத் திருப்பித் தந்தார்.

ஜெத்ரோ ஏணியிலிருந்து இறங்காமலே கையை நீட்டினான். ஐம்பது எண்ணினேன். கை மூடவில்லை.

“ஒன்பதை எட்டாக்கணுமே, முதலாளி. அதுக்கு நாலு. முதல் எழுத்தை ஓசியிலயே போட்டுத் தரேன்.”

மிச்சம் நாலையும் ஒவ்வொன்றாக அதே உள்ளங்கையில் வைத்தேன்.