மெர்வ் டிரெலோரின் ஒரே சொல்

மெர்வின் டிரெலோருக்கு ஐம்பத்தொன்பது வயது. பாராட்டுவதற்கென்று அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல். நைஸ். மழை பெய்தால் நைஸ். மழை நின்றாலும் நைஸ். ரோவெட் வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணைப் பார்த்து நைஸ் என்றார். மறு வருஷம் அந்த வீட்டுக் கிழவர் சவப்பெட்டியில் கிடந்தபோது அவர் போட்டிருந்த கோட்டைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. காரிங்கா என்ற அந்தச் சின்ன ஊரில் சொல்லை எவரும் கவனிப்பதில்லை, சொல்லும் விதத்தைத்தான் கவனிப்பார்கள். மெர்வ் மூக்கால் சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால் பரவாயில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தத் தொப்பி இதுவரை இரண்டு முறைதான் கழன்றிருக்கிறது. ஒன்று பெருமழை வருஷத்துப் பார்லிக்கு, இன்னொன்று ஊர்க் கால்பந்து அணி ஒரு புள்ளியில் ஜெயித்த நாளில்.

அவருக்கு வேலை, தானியக் கிடங்கு வாசலில் இருக்கும் எடைமேடையில். பார்லி லாரி ஏறும், எடை பார்ப்பார், சீட்டு எழுதுவார், லாரி இறங்கும். முப்பத்துநாலு வருஷமாக இதுதான். லாரிக்காரனுக்கு எண் போதும், வர்ணனை தேவையில்லை. அதனால் வேறு சொற்கள் இல்லாத குறை அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

தெரிந்திருந்தது லோர்னா பாஸ்கோவுக்கு. தபால் நிலையத்தில் வேலை, கணவர் இறந்து பத்து வருஷம். வியாழக்கிழமைதோறும், ஜாமும் வெண்ணெயும் தடவித் தின்கிற சின்ன பன் மாதிரியான ஸ்கோன் இரண்டைத் துணியில் சுற்றி எடைமேடைக்குக் கொண்டு வருவாள். மெர்வ் தின்பார். நைஸ் என்பார். அவள் துணியை மடித்துக்கொண்டு போவாள். ஒன்பது வருஷம் இப்படியே நடந்தது. ஒரு பெண் ஒருவருக்கு ஒன்பது வருஷம் ஸ்கோன் சுட்டுக் கொண்டுவந்தால் அவளுக்கு மாவு மிஞ்சிப்போனது காரணமில்லை என்று ஊரில் எல்லோருக்கும் புரிந்திருந்தது, தின்றவரைத் தவிர.

அந்த அக்டோபரில், வருஷாந்திர விவசாயக் கண்காட்சிக்கு நாலு நாள் முன்னால், கோரல் ரோவெட் எடைமேடைக்கு வந்தாள். சமையல் போட்டிகளின் பொறுப்பாளர் அவள். குரலிலேயே முத்திரை குத்துகிற ரகம்.

"மெர்வ், இந்த வருஷம் ஸ்கோனுக்கு நீதான் நடுவர்."

"நைஸ்," என்றார் மெர்வ், மூக்கால்.

"மூக்கால பேசாத. வரவேண்டிய அம்மா கோழிக்கூண்டு மேல ஏறி விழுந்து கால ஒடிச்சுக்கிட்டாங்க. ஊர்ல மத்த எல்லாரும் எவளோ ஒருத்திக்கு அண்ணனோ மச்சினனோ. யாருக்கும் சொந்தமில்லாத ஆளு நீ ஒருத்தன்தான்."

மெர்வ் எழுதிக்கொண்டிருந்த எடைச்சீட்டை அப்படியே விட்டார். காரணம், போன வருஷத்து நடுவர் முப்பத்தோரு தட்டுக்கும் நைஸ் என்றே எழுதிவிட்டுப் போய்விட்டார். மாதர் சங்கம் நாலு மணி நேரம் கூடிக் கத்தி ஒரு விதி போட்டது. எல்லாத் தட்டின் சீட்டிலும் ஒரு சொல் இருக்க வேண்டும், ஒரு சீட்டில் எழுதிய சொல் இன்னொன்றில் வரக் கூடாது. மெர்வ் மனசுக்குள் கணக்குப் போட்டார். முப்பது சொல் குறைந்தது.

"இன்னொண்ணும் கேட்டுக்கோப்பா," என்றாள் கோரல். "லோர்னாவும் தட்டு வைக்கிறா. ஒம்பது வருஷமா ஒரே சொல்லக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சாம். அடிலெய்டுல அக்கா வீட்டு மாடி காலியா இருக்காம். ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்னிருக்கா. ஷோவுல உன் கையால இன்னொரு சொல்லு வந்தா இருப்பாளாம், வரலன்னா போயிடுவாளாம்."

"அவங்களே சொன்னாங்களா?"

"ரொட்டிக்கடைல வச்சுச் சொன்னா. ஊருக்கே தெரியும், உனக்குத்தான் தெரியாது."

அன்று சாயங்காலமே மெர்வ் நூலகத்துக்குப் போய், ஒரே பொருள் தரும் சொற்களையெல்லாம் கட்டிப்போட்ட தடிப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கினார். அப்படிப்பட்ட புத்தகத்தை நேர்மையான மனுஷனிடம் கொடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். நைஸ் என்பது பார்க்கத்தான் சாதுவான சொல். பல நூறு வருஷத்துக்கு முன் அதற்கு அசடு என்று பொருள். பிறகு எதிலும் குறை காண்பவன் என்றார்கள், பிறகு கறார் என்றார்கள், களைத்துப்போய்க் கடைசியில்தான் இனிமை என்று உட்கார்ந்தது. புத்தகம் எல்லாவற்றையும் ஒரே தலைப்பின் கீழே போட்டிருந்தது. ஒரே கிடங்கில் கொட்டியது எல்லாம் பார்லிதான் என்பது மெர்வின் தொழில் நம்பிக்கை. எடைச்சீட்டுகளின் பின்பக்கம் மேலிருந்து கீழே முப்பதையும் நகல் எடுத்தார்.

ஒரு சொல்லை மட்டும் தனியாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மனங்கவர்வது. அது லோர்னாவுக்கு. மூன்று நாள் எடைமேடையில் அதைச் சொல்லிப் பழகினார். காதில் வாங்கிய லாரிக்காரன் ஒருவன், "உடம்பு சரியில்லயா மெர்வ்?" என்று இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை, தகரக் கூரை மண்டபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நடுவர் வேலை ஆரம்பித்தது. தட்டில் பேர் கிடையாது, எண் மட்டும். தட்டுக்கு ஆறு ஸ்கோன். நடுவர் ஒன்றை வெட்டி ஒரு வாய் தின்னலாம், மீதி ஜனங்கள் பார்ப்பதற்கு. லோர்னாவின் தட்டை மெர்வ் வாசலிலிருந்தே கண்டுகொண்டார். ஒரு பக்கம் நசுங்கிய ஜாம் டப்பாவால்தான் அவள் மாவை வெட்டுவாள், எல்லா ஸ்கோனிலும் அந்த நசுங்கல் இருக்கும். அந்தத் தட்டைக் கடைசிக்கு நகர்த்தி வைத்தார்.

முதல் தட்டுக்கு இனிமையானது. அடுத்ததற்கு இதமானது. பிறகு பாங்கானது, நேர்த்தியானது, ரம்மியமானது. பதினாறாவது தட்டோடு நல்ல சொற்கள் தீர்ந்தன. மெர்வ் தயங்கவில்லை, பட்டியலில் அடுத்து இருந்ததை எழுதினார். கறாரானது. குறை கண்டுபிடிப்பது. சங்கத் தலைவி பெரில் ஆங்கோவின் தட்டுக்கு முறைப்படி வந்து சேர்ந்தது, அசட்டுத்தனமானது. கோரல் புருவத்தைத் தூக்கினாள். ஆனால் ஒரு சொல் திரும்ப வரக் கூடாது என்றுதான் விதி, எந்தச் சொல் வரலாம் என்று விதியில் இல்லை. பரிசு ரிப்பன்களை எடுத்து வர உள்ளறைக்குப் போனாள்.

மெர்வ் கடைசித் தட்டுக்கு வந்தார். ஒன்றை வெட்டி வாயில் போட்டார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்தார். சொல் சிறுத்துக் கிடந்தது. வியாழக்கிழமைகளில் இந்த ஸ்கோனைத் தனியாகத் தின்றிருக்கிறார். முப்பது பேர் ஸ்கோனுக்குப் பிறகு தின்றதில்லை. ஒன்பது வருஷமாக என்னத்தைத் தின்றுகொண்டிருந்தோம் என்று இப்போதுதான் தெரிந்தது. பேனாவை வைத்துவிட்டு, சொல் பொருந்துகிறதா என்று பார்க்க மீதிப் பாதியையும் தின்றார். பொருந்தவில்லை. இரண்டாவதை எடுத்தார்.

கோரல் ரிப்பன்களோடு திரும்பி வந்தாள்.

"மெர்வ், முப்பத்தோராவது எங்க?"

"இங்கதான் இருக்கு."

"தட்டு இருக்கு. ஸ்கோன் எங்க?"

"சரிபாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஆறயுமா?"

"எந்தச் சொல்லும் சரியா உக்காரல கோரல்."

"காட்சிக்கு வைக்க அஞ்சு ஸ்கோன் இல்லன்னா போட்டியிலேயே கிடையாது. இனிமே சீட்டுலயும் நீ எழுத முடியாது. என்ன மனுஷன்ப்பா நீ. அவ உன்கிட்ட கேட்டது ஒரு சொல்லு." கோரல் சிவப்பு மையை எடுத்து, காலியாக இருந்த சீட்டில் 'விதிப்படி இல்லை' என்று எழுதினாள். அவளுக்கும் அதை எழுதப் பிடிக்கவில்லை.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. பெரில் ஆங்கோ தன் சீட்டைக் கண்ணாடி போட்டு ஒரு தரம், கழற்றி ஒரு தரம் படித்தாள். "நாப்பது வருஷமா ஸ்கோன் சுடறேன். அசட்டு ஸ்கோன்னு ஒருத்தன் சொன்னதில்ல." அவள் கணவர் சிரித்துவிட்டார். அன்று மதியம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை. இன்னொருத்தி, "என் ஸ்கோன் குறை கண்டுபிடிக்குதாம். அப்படியே எங்க மாமியார்தான்," என்று சந்தோஷமாகவே சொல்லிக்கொண்டு போனாள்.

லோர்னா மேஜையின் கடைசிக்கு வந்தாள். வெறும் தட்டு, சிவப்பு மை. தட்டுக்குப் பின்னால் மெர்வ், ஸ்வெட்டர் முழுக்கத் தூள்.

"ஆறயுமா?" என்றாள்.

மெர்வ் தலையை ஆட்டினார்.

"ஜாம்?"

"குடுக்கல."

"வெண்ணெ?"

"அதுவும் இல்ல."

"முப்பது தின்னதுக்கு அப்புறமா?"

மெர்வ் தொப்பியைக் கழற்றினார். மண்டபமே நைஸ் என்ற சொல்லுக்குக் காத்திருந்தது. அவர் வாயைத் திறந்தார், அதுகூட வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், கண் நிறைந்துவிட்டது.

லோர்னா அந்தச் சீட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவில்லை. மண்டபத்துச் சுவர்த் தொலைபேசியில் அங்கேயே அக்காவைக் கூப்பிட்டாள்.

"மாடிய வேற யாருக்காவது விட்டுடுக்கா. நான் வரல."

அக்கா ஏனென்று கேட்டிருக்க வேண்டும்.

"போட்டியிலேருந்து என்னத் தள்ளிட்டாங்க," என்றாள் லோர்னா. சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.