கண்மாய்க்கரையில் நின்ற லாரி

மார்கழி இரண்டாம் வாரம், வெள்ளி காலை: காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிய லாரி எங்கள் ஊர்க் கண்மாய்க்கரைச் சாலையில் வந்தது. ஊர்முனையில் இரண்டு டிராக்டர்கள் குறுக்கே நிறுத்தப்பட்டன. லாரி நின்றது.

சனி: பேச்சுவார்த்தை. முடிவு இல்லை.

ஞாயிறு, காலை ஐந்தரை மணி: என் மனைவி வீட்டில் மாரடைப்பால் இறந்தாள்.

அன்று மாலை நான்கு மணி: லாரி ஊருக்குள் வந்தது.

மறியலைத் தொடங்கியவள் என் மனைவிதான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. காற்றாலையின் மீது அவளுக்குப் பகை கிடையாது. கார்த்திகை மழை ஓய்ந்தபின் அதன் அடித்தளத்துக்காகக் கொட்டிய மண், கண்மாய்க்கு மழைநீர் கொண்டுவரும் வாரியை மூடியிருந்தது. அவளுடைய மனு முழுவதும் அந்த ஒரு வாரியைப் பற்றியது. மற்றவர்களின் காரணங்கள் வேறு. காற்றாடி மேகத்தைக் கலைத்துவிடும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“ஒங்க வீட்டு ஃபேனு கொசுவையே வெரட்டக் காணோம். இது மேகத்த வெரட்டுமாக்கும்?” என்று கேட்டுவிட்டு, அவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

சுடுகாடு கண்மாய்க்கரைக்கு அப்பால் இருக்கிறது. லாரி கரையை முழுதாக அடைத்து நின்றது. ஒரு பக்கம் நிரம்பிய நீர். மறுபக்கம் சரிவு நிறையக் கருவேல முள். அவ்வளவு நீளமான வண்டியைப் பின்னால் எடுக்க முடியாது என்றார் ஓட்டுநர். அது உண்மை. முன்னால் வரலாம், அதற்கு டிராக்டர்களை எடுக்க வேண்டும்.

“முள்ள வெட்டி வழி பண்ணிருவோம் சார். நாளைக் காலையில தூக்கலாம்,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“டிராக்டர எடுங்க.”

“எடுத்தா அவன் உள்ள வந்துருவான் சார். டீச்சர் ரெண்டு நாளா வெயில்ல நின்னாகளே.”

“தெரியும்ங்க. எடுங்க.”

ஓட்டுநர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். “பொணம் எதுக்க வர்றது நல்ல சகுனம்ங்க,” என்றார், எனக்கு ஆறுதலாக.

“ஒனக்கு நல்ல சகுனந்தான்யா. வண்டிய எடு,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

சவவண்டியைக் களத்தில் ஒதுக்கி நிறுத்தினோம். இறக்கை எங்களைக் கடந்து முடிய நெடுநேரம் ஆயிற்று.

இப்போது காற்றாலை சுற்றுகிறது. ஊருக்கு அது பழகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைகளில் ‘காற்றாலை அருகில்’ என்று அச்சடிக்கிறார்கள். சித்திரையில் கோடை மழையும் பெய்தது, மேகம் கலையவில்லை. பெய்த நீர், மூடிய வாரியில் முட்டி, அடுத்தவர் வயலுக்குள் திரும்பியது. கண்மாய்க்கு வரவில்லை.

என் மனைவி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். “ஐஸ் பொட்டியிலதான கெடந்தேன். ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?”

நான் இன்னும் செய்யாமல் இருப்பவை:

மனுவை மறுபடி தட்டச்சு செய்தல். பென்சிலில் அவள் செய்த திருத்தங்களைச் சேர்த்தல்.

வாரியில் குழாய் பதித்துத் தருவதாகக் காற்றாலைக்காரர்கள் வாயால் சொன்னதை, ஐப்பசிக்கு முன் எழுத்தில் வாங்குதல்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் மீண்டும் கையெழுத்துக் கேட்டல்.

அவளுடைய கையெழுத்து இருந்த முதல் இடத்தில் என்னுடையதை இடுதல்.