சபைப் பால்

தங்கை தன் பேரனுக்குப் பால்பவுடர் கரைத்தாள். வெந்நீர் பட்டு எழுந்த வாசனையில் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவுக்கு வேதக்கோயில் சபையில் தினமும் காலையில் பால் ஊற்றுவார்கள். பெரிய அண்டா, மேலே மிதக்கும் மாவுக்கட்டி, லேசான தீய்ந்த வாடை. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டதால் கைக்குழந்தையான தங்கைக்கு அதுதான் உயிர்.

அந்த வருஷம் மிராசுதாரிடம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுத் தெருவே அறுப்புக்குப் போகாமல் நின்றது. உடனே சபையில் பாலும் நின்றது. மூன்றாம் நாள் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு சபையை நடத்திய உபதேசியாரிடம் போனாள்.

"புள்ள ரெண்டு நாளா கண்ணே தொறக்கலங்க."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மிராசுதார் குடுத்த எடத்துலதாம்மா சபையே நிக்குது. நாளைக்கு அறுப்புக்கு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, ஊத்துறேன்."

அம்மா திரும்பித் தெருப்பக்கம் பார்த்தாள். பிறகு, "வர்றேங்க" என்றாள்.

மறுநாள் முதலில் அவள் ஒருத்திதான் அரிவாளோடு வயலில் இறங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் இறங்க, பழைய கூலியே நிலைத்தது.

தங்கை பிழைத்தாள். ஆனால் அதற்குப்பின் நடவு வரிசையில் அம்மாவை ஒட்டி யாரும் நிற்கவில்லை. இந்தப்பக்கம் ஓர் ஆள் இடம், அந்தப்பக்கம் ஓர் ஆள் இடம், எப்போதும் காலியாகவே கிடக்கும். சாகும்வரை அதையும் அவளே குனிந்து நட்டாள்.

தங்கை டம்ளரில் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "சபையில ஊத்துன பாலுலதானக்கா நான் பொழச்சேன்? புண்ணியவானுங்க."

"ஆமாம்" என்றேன்.